முதலில் கதை, பிறகு கனடா

ஒன்ராறியோவின் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆங்கிலப் பாடம் என்றால் நெடுங்காலம் மக்பெத்தும் ‘டு கில் எ மொக்கிங்பேர்ட்’டும்தான். கனடிய நாவல் வந்தாலும் கசாயம்போலவே வரும்: உடம்புக்கு நல்லது, கண்ணை மூடிக்கொண்டு குடி. 2023 பெப்ரவரியில் ரொறொன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை, பதினோராம் வகுப்பு ஆங்கிலத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களை மையமாகக் கொண்ட பாடமாக மாற்றத் தீர்மானித்தது. நல்ல முடிவு. ஆனால் புத்தகத்தை மாற்றிவிட்டுப் பழையபடியே படிப்பித்தால் கசாயத்தின் பெயர்தான் மாறும்.

ரிச்சர்ட் வாகமீஸின் ‘இண்டியன் ஹோர்ஸ்’ (2012) நாவலை எடுத்துக்கொள்வோம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த வதிவிடப் பாடசாலைகளின் வரலாறு, சட்டம், அவற்றை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை என்று முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், எந்தப் பக்கத்தில் வருத்தப்பட வேண்டும் என்பது நாவலைத் திறக்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் சோல் என்ற சிறுவனிடம் நேரே போகலாம். ஹொக்கி அணியில் சேர அவனுக்கு வயது காணாது. அதனால் விடியுமுன் எழுந்து ஐஸ் தளத்தைத் துப்புரவாக்கும் வேலையைக் கேட்டு வாங்குகிறான். யாருமில்லாத அந்த நேரத்தில், உறைந்து கல்லாகிப்போன குதிரைச் சாணத்தைப் பந்தாக வைத்து அடித்துப் பழகுகிறான். இந்தப் பக்கங்களை உரக்க வாசித்துவிட்டு ஆசிரியர் சும்மா இருந்தால் போதும். இது என்ன பள்ளிக்கூடம், இவன் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று பிள்ளைகளே கேட்பார்கள். வரலாற்றை அப்போது சொல்லலாம். வாகமீஸும் அந்த ஐஸ் தளத்தின் பின்னால் இருந்த கொடுமையைக் கடைசிப் பகுதிவரை சொல்லாமல்தான் வைத்திருக்கிறார்.

ஸ்காபரோ வகுப்புகளில் இன்னொரு பழக்கமும் உண்டு: பிள்ளையின் பெயரைப் பார்த்துப் புத்தகம் கொடுப்பது. தமிழ்ப் பிள்ளையா, இந்தா ‘ஃபன்னி போய்’. அல்லது 2010இல் சன் சீ கப்பலில் வந்த தமிழ் அகதிகளை நினைவில் வைத்து ஷரோன் பாலா எழுதிய ‘த போட் பீப்பிள்’. இரண்டும் வாசிக்க வேண்டிய நாவல்கள், சந்தேகமில்லை. ஆனால் வகுப்பே திரும்பித் தன் முகத்தைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையால் வாசிக்க முடிவதில்லை. சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே பிள்ளைக்கு அலிஸ் மன்றோவின் ‘போய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ சிறுகதையைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோக் கிராமமொன்றில் நரிப் பண்ணை. அப்பாவுடன் நின்று நரிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சிறுமியை அம்மா குசினிக்கு இழுக்கிறாள்; தம்பியை யாரும் இழுப்பதில்லை. நரிகளுக்கு இரையாகக் கொல்லப்படவிருந்த குதிரை தப்பி ஓடும்போது, அடைக்கச் சொன்ன கேற்றை அந்தச் சிறுமி அகலத் திறந்துவிடுகிறாள். ஏன் திறந்தாள்? இந்த ஒரு கேள்விக்கே ஒரு பாடவேளை காணாது. அம்மா, குசினி, தம்பி மூன்றையும் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மாற்றாந்தந்தை தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதை அறிந்தும் மன்றோ அவருடனேயே வாழ்ந்தார் என்று மகள் 2024இல் எழுதியதையும் வகுப்பில் மறைக்க வேண்டாம். பதினாறு வயது அதைப் பேசக்கூடிய வயதுதான்.

மதிப்பீடும் மாற வேண்டும். ஐந்து பந்திக் கட்டுரை எந்த நாவலையும் ஒரே அச்சில் வார்த்துவிடும். சிபிசி 2002இல் தொடங்கிய ‘கனடா ரீட்ஸ்’ நிகழ்ச்சியில் ஐந்து பேர் ஐந்து புத்தகங்களுக்காக வாதாடுவார்கள். நாளுக்கு ஒன்றாக வாக்கெடுப்பில் வெளியேறும். அதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவரலாம். மார்கரெட் அட்வூட்டின் நாவல் அலுப்புத் தட்டுகிறது என்று ஒரு பிள்ளை பக்கம் பக்கமாகக் காரணம் காட்டி வெளியேற்றினால், முழுப் புள்ளி போட ஆசிரியருக்கு மனம் வர வேண்டும்.