பெயரும் பயிற்சியேடும்

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் 1960இல் கனடாவின் உதவியுடன் கட்டுபெத்தையில் எழுந்த செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம். 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகவும், 1978 டிசம்பரில் தனிப் பல்கலைக்கழகமாகவும் மாறியது. பெயர்ப்பலகை பலமுறை மாறினாலும் வேலை செய்தே வேலை பழக வேண்டும் என்ற முதல் நோக்கம் நிலைத்தது. பொறியியற் பீட மாணவர்கள் இன்றும் ஏறக்குறைய ஆறு மாதம் ஏதாவதொரு நிறுவனத்தில் தொழிற்பயிற்சி பெற்றே பட்டம் பெறுகிறார்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த, ‘நைட்டா’ என்று எல்லாரும் அழைக்கும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் பல்கலைக்கழகப் பயிற்சிப் பிரிவும் இதைக் கவனிக்கின்றன.

இந்தப் பல்கலைக்கழகத்தின் மதிப்பு உயர்ந்திருப்பதில் ஐயமில்லை. எதைக் கொண்டு அதை அளப்பது என்பதில்தான் குழப்பம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உயர்தரப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இசட் புள்ளியின் வெட்டுப்புள்ளியே அளவுகோல். மொறட்டுவையில் படிக்கும் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் உயர்தர மாணவருக்கு நடத்தும் முன்னோடிப் பரீட்சை, வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் அந்தப் பெயரை மேலும் ஊன்றியிருக்கிறது. ஆனால் வெட்டுப்புள்ளி உள்ளே வரும் பிள்ளையின் திறமையைத்தான் சொல்லும். நான்கு ஆண்டில் அந்தப் பிள்ளை என்ன ஆனது என்பதை அது சொல்லாது.

உலகத் தரவரிசைகளும் இந்தக் கேள்விக்கு முழுமையாக விடை தருவதில்லை. கியூ.எஸ். பட்டியலின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் கல்வியாளரிடம் கேட்ட அபிப்பிராயத்துக்கு 30 வீதமும் தொழில்தருநரிடம் கேட்டதற்கு 15 வீதமும் வழங்கப்பட்டன. பட்டதாரிகளின் தொழில் விளைவுக்குக் கிடைத்தது 5 வீதம். பெயரைக் கேட்டுப் பெயரை அளக்கும் முறையில், ஏற்கெனவே அறியப்பட்டவர்களுக்கே புள்ளி சேரும்.

மொறட்டுவையின் பெயர் வெளிநாடுகளில் பரவிய வழி வேறு. 2003இல் லங்கா மென்பொருள் மன்றம் தொடங்கியபின் கொழும்பில் திறந்த மூல மென்பொருளை எழுதும் இளைஞர் கூட்டம் ஒன்று வளர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் நிவாரணப் பணிக்கென இங்கே எழுதப்பட்ட ‘சகானா’ மென்பொருள் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2005இல் கூகுள் தொடங்கிய கோடைகால மென்பொருள் திட்டத்தில் மிக அதிகமான மாணவர்கள் தெரிவான பல்கலைக்கழகமாக மொறட்டுவை பல ஆண்டுகள் முன்னின்றது. முகமறியாத மூத்த நிரலாளர் ஒருவர் மாணவர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்து, திருத்தி, ஏற்பதோ மறுப்பதோ அந்தத் திட்டத்தின் நடைமுறை. அந்தப் பெயரை ஈட்டியது மாணவரின் வேலை.

தொழிற்பயிற்சிக்கும் இதே அளவுகோலை வைக்க வேண்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு நாளும் செய்ததைப் பயிற்சியேட்டில் எழுதுகிறார், பொறுப்பான பொறியியலாளர் ஒப்பமிடுகிறார், இறுதியில் அறிக்கையும் நேர்முகமும் உண்டு. ஏற்பாடு நல்லது. ஆனால் பல இடங்களில் ஒரு மாதத்துப் பக்கங்களுக்கு ஒரே இருப்பில் ஒப்பம் விழுகிறது. ஆறு மாதமும் விரிதாளில் எண் நிரப்பியவரும், பாலத்தின் அடித்தளத்தில் கம்பி கட்டுவதைச் சரிபார்த்தவரும் ‘பயிற்சி பெற்றவர்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்படுகிறார்கள். எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற எண்ணிக்கை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இடங்கள் கொழும்பில் குவிந்திருப்பது அடுத்த சிக்கல். தெமட்டகொடை, மருதானை, கொள்ளுப்பிட்டி என மென்பொருள் நிறுவனங்கள் நகருக்குள்ளேயே உள்ளன. கப்பல்துறைப் பயிற்சிக்குக் கொழும்புத் துறைமுகமே பெரிய களம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தவரும், ஒலுவிலில் இருந்து வருவோரும் இங்கே அறை தேட வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியோரத்து ஒழுங்கையொன்றில் இருவராய் மூவராய் ஓர் அறையைப் பங்கிட்டு, காலையில் 101 இலக்க பஸ்ஸைப் பிடிப்பவர்களுக்கு ஆறு மாத வாடகை குடும்பத்தின் தலையில் விழுகிறது. கொடுப்பனவு தராத நிறுவனம் எவ்வளவு நல்ல பயிற்சி தந்தாலும் வசதியற்ற மாணவருக்கு அதன் கதவு மூடியதே. கொழும்புக்கு வருவதில் ஒரு நன்மையும் உண்டு: தமிழ் மாணவர் பலர் சரளமாகச் சிங்களம் பேசப் பழகுவது மேசன்மாரோடும் தொழில்நுட்பவியலாளரோடும் வேலைத்தளத்தில் நிற்கும் இந்த மாதங்களில்தான். எந்த மதிப்பெண் பட்டியலிலும் இது ஏறுவதில்லை.

2022இல் கடன் நெருக்கடி வந்து அரச நிர்மாண வேலைகள் நின்றபோது குடிசார் பொறியியல் மாணவருக்குப் பயிற்சித் தளமே அரிதானது. பொருளாதாரம் தளர்ந்தால் பயிற்சியும் தளரும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 முதல் படிப்பையும் வேலையையும் தவணைகளாக மாற்றி மாற்றி நடத்துகிறது. அங்கே ஒரு தவணை வீணானாலும் அடுத்ததில் ஈடுசெய்யலாம். இங்கே அந்த ஆறு மாதம் போனால் போனதுதான். அப்படியிருக்க, அதை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும்.

இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் பொறியியற் பட்டங்கள் பற்றிய வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினரானது. பட்டதாரியால் என்ன செய்ய முடிகிறது என்பதையே அந்த உடன்படிக்கை கேட்கிறது. பட்டியலில் எத்தனையாம் இடம் என்ற கேள்வி அதில் இல்லை. பயிற்சியேடுகளைக் கையில் வைத்திருக்கும் பொறியியலாளர்களும் பயிற்சிப் பொறுப்பாளர்களும் வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பக்கங்களைப் படித்த பிறகே ஒப்பமிட வேண்டும்; வெளியூர்ப் பிள்ளைக்கு அறை வாடகைக்காவது போதுமான கொடுப்பனவைத் தம் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுக் கொடுக்க வேண்டும்.