பெயர் மட்டும் தமிழானால் போதுமா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் மலை நிற்கிறது. சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள மலை. அவ்வூர்ப் பெயரை வெள்ளையன் தன் போர்க்குறிப்புகளில் 'பெர்மாக்காயில்' என்று சிதைத்தான். அவன் அயலான், அவன் நா அவ்வளவுதான் வளைந்தது. தமிழனின் நாவுக்கு என்ன வந்தது?

சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற உருத்திரையா 1978-இல் 'அவள் அப்படித்தான்' என்னும் படத்தை எடுத்தார். வண்ணப்படங்கள் பெருகிய காலத்தில் அது கருப்பு வெள்ளைப் படம். காதலர் கூடினால் கதை முடியும் என்னும் பழஞ்சரக்கை அது தொடவில்லை. கமலகாசன், இரசினிகாந்து, சிரீபிரியா நடித்தும், இளையராசா இசையமைத்தும், தொடக்கத்தில் படம் ஓடவில்லை. 1980-இல் வந்த அவருடைய 'கிராமத்து அத்தியாயம்' என்னும் படமும் வீழ்ந்தது. 2014-இல் அவர் மறையும்வரை மூன்றாம் படம் வரவேயில்லை. தமிழ்த்திரைக்கு அது பேரிழப்பே.

மக்களுக்குச் சுவையில்லை என்று திறனாய்வாளர் எளிதாகச் சொல்லிவிட்டனர். அது பழி. பெயர் தூய தமிழாக இருக்க, அப்படத்தின் மாந்தரோ உள்ளத்தைத் திறக்கும் இடங்களிலெல்லாம் ஆங்கிலத்திற்குத் தாவுகின்றனர். ஆணால் ஏமாற்றப்பட்ட பெண்ணின் துயரை, மரக்காணத்து உப்பளத்தில் உழைப்பவளும் மல்லாட்டை உரிப்பவளும் அறியமாட்டார்களா? கதைத்தலைவனுக்கே கற்பிக்கும் அளவிற்கு அறிவார்கள். அவர்கள்முன் மொழியால் கதவடைத்தது யார்? இறுதிக் காட்சியில் புதுமணப்பெண்ணிடம் பெண்விடுதலை பற்றிக் கேட்கிறார்கள்; தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். கொட்டகையில் இருந்தோரையும் அப்படம் அவளைப் போலவே ஆக்கிவிட்டது. புதுவகைப் படத்திற்குக் கொட்டகை தர வணிகர் தயங்குவதும் உண்மைதான். ஆயினும் இக்குறை படைத்தவருடையதே.

2006-இல் தமிழ்ப்பெயர் சூட்டிய படங்களுக்கு அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. நல்ல ஆணை, ஆனால் அது பெயர்ப்பலகையைத்தான் பார்த்தது. பின்னர் வேறு வரையறைகளும் சேர்ந்தன. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்ததும் அவ்விலக்கும் பொருளற்றுப் போயிற்று. 'லவ் டுடே' என்னும் ஆங்கிலப் பெயரிலேயே 1997-இல் ஒரு காதற்படமும் 2022-இல் மற்றொன்றும் வந்தன. இரண்டும் ஓடின! வரியின் பொருட்டு வந்த தமிழ் வரியோடு போகாமல் என்ன செய்யும்?

சிறுமுதலில் காதற்படம் எடுக்கப் புறப்படும் இளைஞர் இன்றும் பலர். படப்பிடிப்பிற்கு முன் உரையாடற் சுவடியைப் பெருமுக்கல்லுக்கு எடுத்துச் சென்று, களத்துமேட்டில் நான்கு பெண்களுக்குப் படித்துக் காட்டட்டும். அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் படப்பெட்டியைத் திறக்கட்டும்.