படம் சொல்லும் செய்தி: கோட்டையும் படகும்

பழைய நகரப் படம் ஒன்றைக் காணுங்கால் நம் கண் முதலில் மாளிகையையே நாடுகிறது. ஆயினும், அக்காலச் சமுதாயத்தின் நிலையை அறிய வேண்டின், மாளிகைக்கு முன்னே காணும் சிறு உருவங்களையும் உற்று நோக்குதல் வேண்டும். இத்திங்கள் அதற்கோர் எடுத்துக்காட்டைக் காண்போம்.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவர் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1786-இல் கல்கத்தா வந்தனர். 1792-இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைக் கண்டு வரைந்தனர். பின்னர் 1795 முதல் 1808 வரை இலண்டனில் 144 படங்களை வெளியிட்டனர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் அவை.

அவற்றுள் ஒன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து காட்டுகிறது. பின்னே மதிலும் வெண்ணிற மாளிகைகளும் அமைதியாக விளங்குகின்றன. முன்னே கடல் கொந்தளிக்கிறது. அலைகளினூடே நம் நாட்டுப் படகோட்டிகள் போராடுகின்றனர்.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நிற்கும். ஆளுநராயினும் சரக்காயினும் மசூலாப் படகிலேயே கரை சேர வேண்டும். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கோட்டையின் செல்வமெல்லாம் அப்படகோட்டிகளின் தோள்வலியால் கரையேறியதே. ஆயினும் படத்தின் தலைப்பு கோட்டையின் பெயரை மட்டுமே கூறுகிறது.

படத்தில் காணாததும் ஒன்று உண்டு. கோட்டைக்கு வடக்கே நம்மவர் வாழ்ந்த பகுதியை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்றனர். மதிலை ஒட்டியிருந்த அதன் பழைய தெருக்கள், 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்று இடிக்கப்பட்டன. தென்கிழக்கில் நின்று நோக்குவோர்க்கு அந்நகரம் கோட்டைக்கு அப்பால் போய்விடுகிறது. ஓவியர் நிற்கும் இடமே எது தெரியும், எது மறையும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

ஓவியர்மீது பழி கூற இதனை எழுதவில்லை. படகோட்டியின் துணையின்றிக் கோட்டையில்லை என்பதை, முன்னிடம் தந்து காட்டியவரும் அவர்களே. அதனைப் படிக்கும் கடமை நம்முடையது.

டேனியல்களின் ஓவியங்கள் பல கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மாளிகையில் உள்ளன. அங்கு வாழும் அன்பர்கள் மக்களை அழைத்துச் சென்று காட்டுக. 'இது யார் கட்டியது?' என்பதோடு நில்லாமல், 'இதனைச் சுமந்தவர் யார்?' என்றும் அவர்கள் கேட்கப் பழகட்டும். பிழைப்பு நாடி வந்து பிறர் நகரங்களை வளர்க்கும் நமக்கு அக்கேள்வி அயலானதன்று.