கிணற்றடியில் தொடங்கும் பாடம்



சென்ற விடுமுறையில் கோப்பாயிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் அரை நாள் இருந்தேன். அவர் விஞ்ஞான ஆசிரியர். அடுத்த ஆண்டு பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு உயிரியலை எப்படிக் கொண்டு செல்வதென்று ஒரு கொப்பியில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். "மௌலவி, நீங்களும் இருபது வருசமாப் பிள்ளையளோடதானே நிக்கிறியள். இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கொப்பியை என்னிடம் நீட்டினார்.

உயிரியல் என் துறையன்று. ஆனால் ஓர் ஆண்டுப் பாடத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற கவலை எல்லா ஆசிரியருக்கும் பொதுவானது. "இது வாத்தியார்மாரின் வேலை, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் கொப்பியில் இருந்தவை நம் வீட்டுக் கிணறும், நம் பிள்ளைகளின் உடம்பும், நாளை அவர்கள் செய்யப்போகும் திருமணமும்தாம்.

முதலில் ஒரு கணக்கு

ஆண்டு என்றால் நீளமானது என்று நினைக்கிறோம். நண்பர் போட்ட கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 2 பாடவேளையை உயிரியலுக்கென்று வைத்தால், 40 வாரங்களில் 80 பாடவேளை. மூன்று தவணைப் பரீட்சைகளுக்குத் தலா 2 வாரம் போனால் 12 பாடவேளை கழியும். விளையாட்டுப் போட்டி, விழாக்கள், மாரி வெள்ளம், ஆசிரியரின் காய்ச்சல் என்று இன்னும் 8 போகும். மிஞ்சுவது 60. அதிலும் ஐந்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டிருந்தார். "பிள்ளையளுக்கு விளங்காமல் போற இடம் எதெண்டு இப்ப எனக்குத் தெரியாது. அது வரேக்க இந்த அஞ்சும் வேணும்" என்றார். ஆண்டுத் திட்டம் என்பதன் முதற் பாதி இதுதான்: இல்லாத நாட்களை இருப்பதாக எண்ணி ஏமாறாமல் இருப்பது.

எங்கே தொடங்குவது?

மறு பாதி, ஒழுங்கு. அண்மைக் காலமாகப் புழங்கிவரும் பத்தாந் தர விஞ்ஞானப் புத்தகம் "உயிரின் இரசாயன அடிப்படை" என்ற அலகுடன் தொடங்குகிறது. நண்பரும் முன்பு அப்படியே தொடங்கினார். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு, நியூக்கிளிக் அமிலம் என்று ஓசையோடு ஒப்புவித்தார்கள். அவர்களுள் கெட்டிக்காரனான ஒரு பையனிடம், "நேற்று இரவு நீ குடிச்ச ஒடியற் கூழில இதுகளில எது எது இருந்தது?" என்று கேட்டாராம். பையன் விழித்தான். கூழ் வேறு, பாடம் வேறு என்றே அவன் எண்ணியிருந்தான். அன்றுதான் தன் திட்டத்தில் பிழை இருப்பதை உணர்ந்ததாக நண்பர் சொன்னார்.

இந்தச் சிக்கல் கோப்பாய்க்கு மட்டும் உரியதல்ல. 1957 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணுக்கு ஏவியபின், தமது பாடசாலை விஞ்ஞானம் பின்தங்கிவிட்டதென்று அமெரிக்கர் பதறினர். 1958 இல் உயிரியற் பாடத்தைத் திருத்தியமைக்கவென்றே அங்கு ஒரு குழு அமைந்தது. எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு அந்த அறிஞர்கள் ஒரே விடையைச் சொல்லவில்லை. 1963 இல் மூன்று பாடநூல்கள் வெளிவந்தன. நீல நூல் மூலக்கூறுகளிலிருந்தும், மஞ்சள் நூல் கலத்திலிருந்தும், பச்சை நூல் சூழலிலிருந்தும் பாடத்தைக் கொண்டு சென்றன. விஞ்ஞானம் ஒன்றுதான்; நுழையும் வாசல்கள் மூன்று. எந்தப் பிள்ளைக்கு எந்த வாசல் என்பதை அந்தந்த ஊர் ஆசிரியரே தீர்மானிக்கலாம் என்பது அதன் பொருள்.

நண்பர் தேர்ந்தது பச்சை வாசல். அதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது: "எங்கட பிள்ளையளுக்கு நுணுக்குக்காட்டி வகுப்புக்கு ஒண்டு. கிணறு வீட்டுக்கு ஒண்டு."

கோப்பாயின் ஓர் ஆண்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல். மாரியில் பெய்யும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கித் தேங்குகிறது. ஆண்டு முழுதும் குடிப்பதும் இறைப்பதும் அந்த நீரைத்தான். கோப்பாய்ப் பிரதேசத்தைச் சேர்ந்த நிலாவரைக் கிணற்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுவதற்கும் அது ஒரு கண்ணாடி. நன்னீரை அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும்.

முதலாந் தவணையை அவர் இங்கேதான் தொடங்குகிறார். மாரி முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும் காலம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டு வளவில் ஒரு முழச் சதுரத்தைக் கயிறு கட்டி அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை அங்கே என்ன முளைத்தது, என்ன ஊர்ந்தது, என்ன உக்கியது என்று எழுத வேண்டும். அதே காலம் டெங்குக் காலமும் ஆகும். ஒரு சிரட்டைத் தண்ணீரில் நுளம்பின் முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி ஆகிய நான்கு பருவங்களும் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். "வாரம் ஒரு முறை தண்ணீர்ப் பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று சுகாதாரப் பரிசோதகர் ஏன் சொல்கிறார் என்பது அதன்பின் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

நீர்ப் பாடத்தில் இன்னொன்றும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரத்திலுள்ள நைதரசன் நைத்திரேற்றாகி, மழையோடும் இறைப்போடும் கிணற்றுக்குள் இறங்குகிறது. குடாநாட்டில் செறிவாகப் பயிரிடும் இடங்களின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகையாக இருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வாளர்கள் காட்டி வந்துள்ளனர். உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் திறனை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கக் கூடும். நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம் தாய்மார் நினைக்கிறார்கள். போகாது, நீர் ஆவியாக, அது இன்னும் செறிவடையும். இந்த ஒரு செய்தி வகுப்பறையிலிருந்து வீட்டுக்குப் போனாலே அந்த ஆண்டு வீணாகவில்லை என்பேன்.

அதன்பின் சமையலறை. புத்தகத்தின் முதல் அலகை அவர் தள்ளிவிடவில்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள் வெளியிலிருந்து வரும்போது அப்படித் தள்ளவும் முடியாது. ஆனால் சோற்றிலும் ஒடியல் மாவிலும் ஒரு துளி அயடீன் விட்டு, அது கருநீலமாவதைக் காட்டிய பிறகே "மாப்பொருள்" என்று கரும்பலகையில் எழுதுகிறார். பொருள் முன்னே, பெயர் பின்னே.

இரண்டாந் தவணை வெயிற் காலம். வெங்காயத்தின் உட்தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் கலத்தைப் பார்ப்பது, ஓர் இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வைத்து ஒளித்தொகுப்பைச் சோதிப்பது, பிறகு நம் உடம்பில் உணவும் காற்றும் குருதியும் செல்லும் வழி. வெளியே பார்த்த உயிர்களின் உள்ளே இப்போது போகிறார்கள்.

மூன்றாந் தவணைக்குப் பனையே ஆசிரியர். பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பனை பூக்கும், காய்க்காது. இனப்பெருக்கப் பாடத்துக்கு இதைவிட வேறு தொடக்கம் வேண்டுமா? புரட்டாதியில் பனம்விதைகளைப் பாத்தி போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் கிண்டிப் பார்க்கிறார்கள். முளை முதலில் கீழ்நோக்கியே இறங்குகிறது. விதைக்குள் பூரான் பருக்கிறது. விதையிலிருந்த உணவு கீழே சென்று மாப்பொருளாகக் கிழங்கில் சேர்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் அயடீன் விட்ட ஒடியல் மா எங்கிருந்து வந்தது என்பது ஆண்டின் முடிவில் கண்ணெதிரே தெரிகிறது.

சொல்லும் ஒரு தடை

கோப்பாயிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அதற்கு முன்பே, 1857 இல், உடலமைப்பும் உடற்றொழிலும் பற்றிய நூலொன்றை அவர் தமிழாக்கி வெளியிட்டிருந்தார். அவர் ஆண்ட "அங்காதிபாதம்", "சுகரணவாதம்" என்ற சொற்கள் இன்று வழக்கில் இல்லை. ஆனால் தமிழில் படிக்கும் மாணவன் அந்த அறிவுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை என்று அவர் காட்டிய வழி மறையவில்லை.

இன்றைய தடை வேறு. பிள்ளை வகுப்பில் "கலம்", "இழையம்", "ஒளித்தொகுப்பு" என்று படிக்கிறது. மாலையில் கைபேசியில் தமிழ்நாட்டு ஆசிரியரின் பாடத்தைப் பார்த்தால், அதே பொருள்கள் "செல்", "திசு", "ஒளிச்சேர்க்கை" ஆகிவிடுகின்றன. இரண்டும் வெவ்வேறென்று எண்ணி இரண்டையும் மனனம் செய்த பிள்ளைகள் உண்டு. ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரு வழக்குச் சொற்களையும் எதிரெதிரே எழுதி வைக்கச் சொல்கிறார் நண்பர். நீங்களும் வீட்டில் இதைச் செய்விக்கலாம்.

தாண்டக் கூடாத அலகு

கொப்பியின் இறுதிப் பக்கங்களுக்கு வந்தபோது நண்பர் சற்றுத் தயங்கினார். மனித இனப்பெருக்கத்துக்கு ஆறு பாடவேளை ஒதுக்கியிருந்தார். "உங்கட ஆக்கள் இதுக்கு என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார். இந்த அலகு வந்ததும் "வீட்டில் வாசியுங்கள்" என்று சொல்லித் தாண்டிவிடும் ஆசிரியர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அதை விரும்பும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய பிக்ஹுக் கிதாபுகள் நீரையும் சுத்தத்தையும் பற்றிய பாடத்துடன்தான் தொடங்கும். எந்த நீர் சுத்தமானது, எது அசுத்தமானது என்பதிலிருந்து மாதவிடாய், கடமையான குளிப்பு வரை பதின்ம வயதிலேயே கற்றோம். எங்கள் உஸ்தாத் வெட்கத்தைக் காரணம் காட்டி ஒரு வரியையும் தாண்டியதில்லை. கண்ணியமாகச் சொன்னார், நாங்களும் கண்ணியமாகக் கேட்டோம். மத்ரஸாவில் மறைக்காததைப் பாடசாலையில் ஏன் மறைக்க வேண்டும்?

பத்தாந் தரப் பிள்ளைக்கு வயது பதினான்கு, பதினைந்து. பெரும்பாலான பெண்பிள்ளைகள் அதற்கு முன்பே பருவமெய்தி விடுகிறார்கள். ஆகவே இந்த அலகு முந்தி வரவில்லை, பிந்தியே வருகிறது. அதையும் தாண்டிவிட்டால், பிள்ளை கைபேசியிடமும் சேர்க்கை சரியில்லாத நண்பர்களிடமும் கேட்கும். அவர்கள் சொல்லும் விடைக்கு நாம் பொறுப்பேற்போமா?

பரம்பரை பற்றிய பாடமும் இப்படித்தான். தலசீமியா என்னும் குருதி நோயின் காவிகள் பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். கணவனும் மனைவியும் காவிகளானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர 4 இல் 1 பங்கு வாய்ப்புண்டு. வந்தால், ஆயுள் முழுதும் குருதி ஏற்ற வேண்டிவரும். மச்சான் மச்சாள் திருமணத்தில் இருவரும் ஒரே பாட்டனின் வழி வந்தவர்களாதலால், ஒரே குறையை இருவரும் சுமக்கும் வாய்ப்புக் கூடுதல். அத்தகைய திருமணம் மார்க்கத்தில் ஆகுமானது, ஆனால் கட்டாயமானதல்ல. முன்கூட்டியே குருதிப் பரிசோதனை செய்துகொள்வதற்கு மார்க்கத்தில் எந்தத் தடையும் இல்லை. பட்டாணிச் செடிகளைக் கலந்து எண்ணிய மெண்டலின் கணக்கை வெறும் பரீட்சைக் கணக்காகப் படித்த பிள்ளைக்கு இது தோன்றாது. தன் குடும்பத்தோடு சேர்த்துப் படித்த பிள்ளைக்குத் தோன்றும்.

பெற்றோர்களே!

புதிய ஆண்டு தொடங்கும்போது கொப்பிக்கு உறை போட்டுக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. வளவில் ஒரு முழ இடத்தைப் பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள். அதைக் கூட்டித் துப்புரவாக்கி விடாதீர்கள். "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் பிள்ளை அத்தியாயத்தின் பெயரைச் சொல்லும். "இன்று என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். கிணற்று நீரைப் பரிசோதித்தீர்களா என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இனப்பெருக்க அலகு வரும் வாரத்தில் ஆசிரியரிடம் சென்று, "அதைத் தாண்டாமல் படிப்பியுங்கள்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். நம்மவரிடமிருந்து அந்தச் சொல் வந்தால் தயங்கும் ஆசிரியருக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை, அன்று கோப்பாயில் என் நண்பரின் முகத்தில் கண்டேன்.

கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னேன். ஆறு பாடவேளையை ஏழாக்கச் சொன்னேன். வெறுமனே விட்டிருந்த ஐந்தில் ஒன்றை எடுத்து, சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.