பிள்ளை மனம் நொந்தால் பின்னால் இருதயம் நோகும்!

தேனி மாவட்டத்தில் உள்ள மார்க்கையன்கோட்டை, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர்.

அந்த ஊர் விவசாயிக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நாற்றங்காலில் வாடிய நாற்று, நடவு வயலில் எளிதில் தேறாது!

பிள்ளைகளும் நாற்று மாதிரிதான். 13 வயது முதல் 19 வயது வரை நாற்றங்கால் பருவம். அந்த வயதில் மனதில் விழும் அடி, பிற்காலத்தில் இருதயத்தைப் பாதிக்கலாம்.

சுவீடனில் கண்டது

சுவீடன் நாட்டில், 1952 முதல் 1956 வரை பிறந்த 2 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, வாலிப வயதில் அவர்களுடைய மன உறுதியைச் சோதித்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளையும், 2010 வரை அவர்களுக்கு வந்த நோய்களையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2015-ல் வெளிவந்தது.

வாலிபத்தில் கவலையைத் தாங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு, நடுவயதில் இருதய நோய் அதிகம் வந்திருந்தது!

காரணம் என்ன?

பயம் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் உடம்பில் சுரக்கின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது.

சிறிது நேரத்தில் தணிந்தால் கெடுதல் இல்லை. வருஷக்கணக்கில் நீடித்தால் ரத்தக் குழாய்கள் கெடும். கவலையை மறக்க சிகரெட், மது என்று பழகினால் ஆபத்து இன்னும் கூடும்.

வீட்டில் என்ன பேச்சு?

பரீட்சை முடிவு வரும் நாளில், “எதிர்வீட்டுப் பையனைப் பார்! நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!” என்று திட்டாத வீடு எத்தனை?

தகப்பனார் மறுநாளே மறந்துவிடுவார். பிள்ளை மறப்பதில்லை.

முதல் மூன்று இடம் யாருக்கு என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. அரசு விட்ட போட்டியை வீடு ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்?

மனம் நொந்த பிள்ளைகள் எல்லோருக்கும் இருதய நோய் வரும் என்பதில்லை. மனம்விட்டுப் பேச ஒருவர் இருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் பேசாமல் இருக்கிறதா? திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதைக் கேளுங்கள். அப்படியும் தேறாவிட்டால், 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். அது “டெலி மானஸ்” என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

போன மார்க்கைத் துணைத் தேர்வில் வாங்கிவிடலாம். போன இருதய பலத்தை எந்தத் தேர்வில் வாங்குவது?