தெள்ளு நாய்மேல இல்லை சாமி, உங்க வீட்டுத் தரையில இருக்கு

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். நாய், பூனை பிடிக்காதவங்களும் முழுசாப் படிங்க. சொல்லப்போனா உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

எங்க பிள்ளையார்பட்டிப் பக்கம் அடிக்கடி நடக்கிற கூத்து இது. சதுர்த்தித் திருவிழாவுக்கோ, கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து, மாசக்கணக்கா பூட்டிக்கிடந்த பெரிய வீட்டைத் திறப்பாங்க. வளவுக்குள்ள கால் வெச்ச பத்தாவது நிமிஷம் கணுக்கால்ல சுருக் சுருக்குன்னு கடி. உடனே தீர்ப்பு: "எல்லாம் இந்தத் தெரு நாய்ங்களால வந்த வினைண்ணே. பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

ஐயா, பூட்டுன வீட்டுக்குள்ள எந்த நாய் உட்கார்ந்திருந்துச்சு?

நடந்தது என்னன்னா, எப்பவோ ஒரு பூனை உள்ளே புகுந்து சாமான் அறையில குட்டி போட்டிருக்கும். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது முட்டை வரைக்கும் போடும். அந்த முட்டை ரோமத்துல ஒட்டாது, தரையில உதிர்ந்துடும். அதிலிருந்து வர்ற புழு வெளிச்சத்துக்குப் பயந்து கோணிச் சாக்கு, பாய், தரை வெடிப்புன்னு ஒளிஞ்சுக்கும். அப்புறம் பட்டுநூல் மாதிரி கூடு கட்டும். பிசுபிசுன்னு இருக்கிற அந்தக் கூட்டுமேல தூசி ஒட்டிக்கும், கண்ணுக்கே தெரியாது. உள்ளே இருக்கிற தெள்ளு மாசக்கணக்குல காத்துக்கிடக்கும். மனுஷன் நடக்கிற அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக்காத்து பட்டாப் போதும், பொலபொலன்னு வெளியே குதிக்கும். அதாவது, அதை எழுப்பி விட்டதே நீங்கதான்.

கால்நடை மருத்துவர்கள் வழக்கமாச் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. தெள்ளு பிடிச்ச வீட்டுல, நாய் பூனை மேல கண்ணுக்குத் தெரியுற பூச்சி சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் முட்டையா, புழுவா, கூடா தரையிலதான் கிடக்குது. நாம அந்த அஞ்சைப் பிடிச்சு அடிச்சுட்டு, தொண்ணூத்தஞ்சைப் பத்திரமாப் பாய்க்கு அடியில வெச்சிருக்கோம்.

நாயை விரட்டினா என்ன ஆகும்? இதுக்கு வரலாறே பதில் சொல்லிருக்கு. 1896-ல் பம்பாயில பிளேக் பரவுச்சு. 1898-ல் கராச்சியில பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயைக் கடத்துறது எலித்தெள்ளுதான்னு சோதனை பண்ணிக் காட்டினார். பல வருஷம் அவரை யாரும் நம்பலை. எலி செத்ததும் பசியில இருக்கிற தெள்ளு அடுத்த உடம்பைத் தேடிப் போகும், அதுதான் விஷயம். நாய்த்தெள்ளு பிளேக் கொண்டுவரும்னு நான் பயமுறுத்தலை. ஆனா நாயை அப்புறப்படுத்தினா, மிச்சம் இருக்கிற உடம்பு உங்களோடதுதான்.

அடுத்து, பாசக்காரங்க பக்கம் வர்றேன். இவங்க பண்றது இன்னும் மோசம். மண்ணெண்ணெய் தடவுறாங்க. பினாயில் கலந்த தண்ணியில குளிப்பாட்டுறாங்க. மாட்டு உண்ணிக்கு வாங்கின மருந்தைக் கண்ணளவா ஊத்துறாங்க. 'பூண்டு கொடுங்க, ஓடிடும்'னு ஒரு வைத்தியம் வேற. பூண்டும் வெங்காயமும் நாய், பூனை ரெண்டோட ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும்.

எங்க தெருவுல ஒரு ஆச்சி வளர்த்த பூனை போன வருஷம் செத்துப்போச்சு. நாய்க்கு வாங்கின சொட்டு மருந்துல மிச்சம் இருந்ததேன்னு பூனைக்கும் விட்டிருக்காங்க. ராத்திரி முழுக்க வெட்டி வெட்டி இழுத்து, விடியறதுக்குள்ள முடிஞ்சுது. அந்த மருந்துல பெர்மெத்ரின் இருந்துச்சு. நாய்க்கு ஒண்ணும் செய்யாத அந்த மருந்தைப் பூனையோட ஈரலால உடைச்சு வெளியேத்த முடியாது. மாட்டு மருந்துல இருக்கிற டெல்டாமெத்ரினும் அதே குடும்பம்தான். மருந்து போட்ட நாயை ஒட்டிப் படுத்தாலே பூனைக்கு ஆபத்து. சின்ன நாய், பெரிய நாய்னு அளவு பார்க்கிற நாம, பூனையைக் குட்டி நாய்னு நினைச்சுக்கிறோம். அது கொலைதாங்க, வேற பேர் இல்லை.

சரி, என்னதான் பண்றது?

முதல்ல உறுதிப்படுத்துங்க. பேன் சீப்பால சீவி, விழற கருப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில வையுங்க. செம்பழுப்பாக் கசிஞ்சா அது தெள்ளோட கழிவு, செரிச்ச ரத்தம். ஒட்டிக்கிட்டு அசையாம இருந்தா அது உண்ணி, வேற கதை.

ரெண்டாவது, வீட்டுல இருக்கிற எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாள்ல மருந்து. கால்நடை மருத்துவர்கிட்ட எடை பார்த்து வாங்குங்க. பூனைக்குன்னே அளந்து வர்ற ஃபிப்ரோனில், செலாமெக்டின் சொட்டு மருந்துகள் இருக்கு. குட்டிகளை இன்னும் கவனமாப் பாருங்க, தெள்ளு ரத்தம் குடிச்சே குட்டிகள் சோகை பிடிச்சுச் சாகும். நாடாப்புழுவுக்கும் கேளுங்க, தெள்ளை நக்கி முழுங்கினா அது வயித்துக்குள்ள போகும், சில சமயம் நம்ம பிள்ளைகளுக்கும்.

மூணாவது, தரை. தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துங்க. படுக்கைத்துணியைக் கொதிக்கிற தண்ணியில போட்டு வெயில்ல காயவையுங்க. கூட்டுக்குள்ள மருந்து இறங்காது, அதனால புதுத் தெள்ளு சில வாரம் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். 'மருந்து போலி'ன்னு பாதியில நிறுத்தாதீங்க. மாசம் தவறாம குறைஞ்சது மூணு மாசம். வர்றதெல்லாம் மருந்து போட்ட நாய்மேல ஏறிச் சாகட்டும். நாயை விரட்டக் கூடாதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்துல வைரவன்பட்டி. வைரவரைக் கும்பிடுறவங்க அவரோட வாகனத்தையும் சேர்த்துத்தான் கும்பிடுறோம். கோயில் வாசல்ல சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்கிற நாய்க்கு மட்டும் கல்லடி. கல்லைக் கீழ போட்டுட்டு விளக்குமாத்தை எடுங்க.