போளூருக்கு வராத சேனல்

கல்வித் தொலைக்காட்சியை 2019 ஆகஸ்ட் 26 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கிவைத்தபோது, பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடுதோறும் அது போய்ச் சேரும் என்றுதான் தமிழ்நாடு நம்பியது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஸ்டுடியோ அமைந்தது. அரசு கேபிளில் 200-ஆம் எண் கொடுத்தார்கள். தனியார் கேபிள் நிறுவனங்கள் சிலவும் இடம் ஒதுக்கின. அதோடு சரி. செயற்கைக்கோள் சேனலாக அது உயரவே இல்லை. டிடிஎச் பெட்டிகளில் அதற்கு எண் கிடைக்கவில்லை. கம்பி போகும் தூரம்தான் அந்த சேனலின் எல்லை என்று ஆனது. மாநிலம் முழுவதற்குமான ஒரு சேனலைத் தொடங்கும் முயற்சி என்று பார்த்தால், அது தோற்றுப்போன முயற்சி. தோற்றதற்கான காரணம் பாடம் எடுத்த ஆசிரியர்களிடமும் இல்லை, படம் பிடித்தவர்களிடமும் இல்லை. மாநில அரசு சேனல் நடத்தக் கூடாது என்று டெல்லி போட்டிருக்கும் பூட்டுதான் காரணம். அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும் என்பது நமது உறுதியான நிலை.

இந்தத் தோல்வியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டிப் போனால் போளூர். அதற்கும் அப்பால் கிளாவரை. மேல்மலை என்று சொல்லப்படும் இந்த ஊர்களின் வாழ்வு பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மண்ணில் விளைவதுதான். வீடுகள் சரிவு சரிவாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில் கம்பி இழுப்பது கேபிள்காரருக்குக் கட்டுபடியாகாது. மழைக்கும் காற்றுக்கும் கம்பி தாங்காது. ஆகவே கூரையில் டிஷ்தான். அதுவும் சாரல் பிடித்துக்கொண்டால் படம் கட்டம் கட்டமாக உடையும். ஆனாலும் வானம் தெளிந்தால் நூற்றுக்கணக்கில் சேனல்கள் வரும். வராதது ஒன்றுதான்: தமிழ்நாட்டு அரசு தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக நடத்திய சேனல்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இது வெறும் வசதிக்குறைவாக நிற்கவில்லை. வகுப்பறை செல்போனுக்குள் போனது. செல்போனுக்கு சிக்னல் இல்லாத ஊர்களுக்குத் தொலைக்காட்சிதான் பள்ளி என்று அரசே சொன்னது. சில தனியார் சேனல்கள் தங்கள் நேரத்தில் கொஞ்சம் ஒதுக்கிப் பாடம் ஒளிபரப்பின. அதற்காக அவற்றைப் பாராட்ட வேண்டும். ஆனால், கடன் வாங்கிய அரை மணி நேரம் ஒரு பள்ளி ஆகிவிடாது. சமவெளியில் இருக்கும் பிள்ளை 200-ஆம் எண்ணை அழுத்தியபோது, மேல்மலைப் பிள்ளைக்கு அழுத்த எண்ணே இல்லை.

இத்தனைக்கும் கிளாவரைக்கு அந்தப் பக்கம் மலையைத் தாண்டினால் வட்டவடை. கேரளத்தின் இடுக்கி மாவட்டம். வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான். பயிரும் ஏறத்தாழ இதே பயிர். கேரள அரசின் விக்டர்ஸ் சேனலில் 2020 ஜூன் 1 அன்றே ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கிவிட்டன. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடங்கள் தயாரித்தார்கள். 2005-இல் அப்துல் கலாம் தொடங்கிவைத்த அந்தச் சேனல், இஸ்ரோ ஏவிய எஜுசாட் செயற்கைக்கோளின் துணையோடு வளர்ந்தது; கேபிளிலும் வந்தது, டிடிஎச்சிலும் வந்தது. ஒரே மலை, ஒரே மொழி, ஒரே மேகம். இந்தச் சரிவில் பிறந்த பிள்ளைக்கு இல்லாதது அந்தச் சரிவில் பிறந்த பிள்ளைக்கு எப்படிக் கிடைத்தது? எஜுசாட் என்ற வாசல் திறந்திருந்த காலத்தில் கேரளம் உள்ளே நுழைந்துவிட்டது. தமிழ்நாடு நுழைய நினைத்தபோது வாசல் சாத்தியிருந்தது.

சாத்தியவர்கள் சொல்லும் நியாயம் இது: ஒளிபரப்பு அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 31-வது இனத்தில் வருகிறது, ஆகவே மாநிலங்களுக்கு அதில் வேலையில்லை. மாநில அரசுகளையும் அவற்றின் நிறுவனங்களையும் ஒளிபரப்பிலும் கேபிள் விநியோகத்திலும் விடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும் பரிந்துரை செய்தது. 2022 அக்டோபர் 21 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அதையே அறிவுறுத்தலாக அனுப்பியது. மாநிலங்கள் ஏற்கெனவே ஒளிபரப்பிவருவது எதுவானாலும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு ஒப்பந்தம் போட்டு அதன் வழியாகவே நடக்க வேண்டும். விநியோகத்தில் இருந்து 2023 டிசம்பர் 31-க்குள் விலகிவிட வேண்டும் என்றது. எழுத்துப்படி பார்த்தால் அரசு கேபிளும் கல்வித் தொலைக்காட்சியும் மட்டுமல்ல, விக்டர்ஸும் இந்தக் கத்திக்குக் கீழேதான் இருக்கின்றன.

இதற்கு ஆதாரமாக 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் காட்டுகிறார்கள். ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் அமைச்சகத்துக்கும் எழுந்த வழக்கு அது. காற்றலை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். உண்மைதான். ஆனால், தீர்ப்பு அங்கே முடியவில்லை. சமூகத்தின் எல்லாத் தரப்பும் இடம்பெறும் சுதந்திரமான அமைப்பு ஒன்றை உருவாக்கி, அலைவரிசைகளை அதனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவும் இட்டது. அதற்காக 1997-இல் வந்த ஒளிபரப்பு மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் சேனலுக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் டெல்லியில் ஓர் அமைச்சகம்தான். தீர்ப்பில் மாநிலங்களைத் தடுக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தன்னைக் கட்டுப்படுத்தும் பாதியைக் கிடப்பில் போடுவது நேர்மையான வாதம் ஆகாது.

மாநில அரசின் கையில் சேனல் போனால் அது ஆளுங்கட்சியின் ஊதுகுழல் ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இதைக் கேட்பவர்களை நாம் அலட்சியம் செய்ய முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டின் கணக்கு சுத்தமாக இல்லை. 2007-இல் அரசு கேபிள் கழகம் பிறந்ததே ஆளுங்கட்சித் தலைவரின் குடும்பத்துக்கும் கேபிள் தொழிலில் இருந்த அவரது உறவினர்களுக்கும் இடையே எழுந்த பிணக்கின் நடுவில்தான். 2008 ஜூலையில் தஞ்சாவூரில் கட்டுப்பாட்டு அறை திறந்தார்கள், டிசம்பரில் குடும்பம் சமாதானமானது, கழகம் முடங்கிப்போனது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா மாதம் 70 ரூபாய்க்கு அதை உயிர்ப்பித்தார். அது ஏழை வீடுகளுக்கு உண்மையான உதவி. ஆனால், அதே அரசு கேபிளில் 2018-இல் என்ன நடந்தது? கோவையில் நடத்திய ஒரு விவாத நிகழ்ச்சிக்காகப் புதிய தலைமுறை மீது வழக்குப் பாய்ந்தது. அடுத்து அந்தச் சேனல் வழக்கமான இடத்தில் இருந்து பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று பத்திரிகையாளர்கள் குரல் எழுப்பினார்கள். கம்பியைக் கையில் வைத்திருப்பவர் கழுத்தையும் பிடிக்கலாம் என்ற அச்சம் கற்பனையல்ல.

ஆனால், இந்த அச்சத்துக்கு மருந்து தடை அல்ல. தடை வேண்டும் என்றால் பிரசார் பாரதிக்கும் அல்லவா அது பொருந்த வேண்டும்? சட்டத்தில் தன்னாட்சி என்று எழுதியிருந்தாலும், பணத்துக்கும் ஆளுக்கும் அது அமைச்சகத்தின் வாசலில்தான் நிற்கிறது. மத்திய அரசு சொந்தக் குரலை வைத்துக்கொள்ளலாம், மாநில அரசு தன் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தவும் கூடாது என்பது எந்தக் கூட்டாட்சி?

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று நடந்தது. சான்சலர் அடினாவர் மத்திய அரசின் கையில் இரண்டாவது தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்க நிறுவனமே பதிவு செய்துவிட்டார். மாநிலங்கள் நீதிமன்றம் போயின. 1961 பிப்ரவரி 28 அன்று அந்த நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் முயற்சியை ரத்து செய்தது. ஒளிபரப்பு பண்பாட்டுத் துறை, அது மாநிலங்களுக்கு உரியது; அதே நேரம் எந்த அரசின் பிடியிலும் அது இருக்கக் கூடாது என்றது. மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டு இசட்டிஎஃப் என்ற சேனலை உருவாக்கின. 1963 ஏப்ரல் 1 அன்று அது ஒளிபரப்பைத் தொடங்கியது. அதை மேற்பார்க்கும் மன்றத்தில் தொழிற்சங்கத்தினரும் சமயத்தினரும் அமர்ந்தார்கள். அரசுத் தரப்பினர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014-இல் அதே நீதிமன்றம் வரம்பும் கட்டியது. மாநிலம் சேனல் தொடங்கலாம், ஆனால் அதை முதல்வர் ஆட்டிவைக்க முடியாது: இரண்டையும் ஒரே ஏற்பாட்டில் செய்ய முடியும் என்பதற்கு அறுபது ஆண்டு அனுபவம் கண்முன் இருக்கிறது.

தனியார் வந்து இந்த இடத்தை நிரப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதும் வீண். செய்திச் சேனல் தொடங்க 20 கோடி ரூபாய் நிகர மதிப்பு காட்ட வேண்டும். அதற்கு மேல் விநியோகக் கட்டணம், ரேட்டிங், விளம்பரம். சென்னை நகரத்துக்கென 2009-இல் வந்த என்டிடிவி ஹிந்துவே மூன்று ஆண்டுகளில் கைமாறித் தந்தி டிவியானது. சென்னைக்கே இந்தக் கதி என்றால், கவுஞ்சி பாதையில் மண் சரிந்திருக்கிறதா, வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலை போனது என்று சொல்ல எந்த முதலாளி சேனல் தொடங்குவார்? கோடை பண்பலை வானொலி தென்மாவட்டங்களில் இத்தனை வீடுகளில் ஒலித்ததற்குக் காரணம், அது பொதுப்பணத்தில் நடக்கும் நிலையமாக இருந்ததும் மலையுச்சியில் நின்றதும்தான்.

2022 பட்ஜெட்டில் பிரதமரின் இ-வித்யா திட்டத்தில் கல்விச் சேனல்களை 12-இல் இருந்து 200 ஆக உயர்த்துவதாக மத்திய அரசு அறிவித்தது. மாநில மொழிகளில் பாடம் நடத்த அவை உதவும் என்றார்கள். நல்லது, பயன்படுத்திக்கொள்வோம். ஆனால், இரவல் திண்ணையில் எத்தனை காலம் பள்ளி நடத்துவது?

ஆகவே மத்திய அரசு 2022 அக்டோபர் அறிவுறுத்தலைத் திரும்பப் பெற வேண்டும். கல்விக்கும் பொதுச்சேவைக்கும் மாநிலங்கள் செயற்கைக்கோள் சேனல் நடத்தச் சட்டத்தில் இடம் தர வேண்டும். தமிழ்நாடு அரசு அதைக் கேட்டுக் கடிதம் எழுதுவதோடு நில்லாமல், சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும்: சேனலின் நிர்வாகம் ஆசிரியர்கள், பெற்றோர், விவசாயிகள், மலைமக்கள், எதிர்க்கட்சியினர் இடம்பெறும் சுதந்திரமான குழுவிடம் இருக்கும், அமைச்சர் அதற்குத் தலைவராக இருக்க முடியாது, செய்தி ஒளிபரப்பு அதன் வேலை அல்ல. தன் கையைத் தானே கட்டிக்கொண்டு போனால்தான் டெல்லியிடம் நியாயம் கேட்கும் தகுதி சென்னைக்கு உண்டு. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷில் கல்வித் தொலைக்காட்சிக்கு ஓர் எண் ஒதுக்கி, மற்ற டிடிஎச் நிறுவனங்களும் அதைக் கட்டாயம் தர வேண்டும் என்று உத்தரவிட ஓர் அமைச்சகக் கையெழுத்து போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அந்தக் கையெழுத்து விழ வேண்டும்.